பரப்பாமல் காட்டு

தாள் ரொம்பச் சுத்தமாக இருந்தது. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தின் கணினி அறையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் அங்கே மெக்கானிக். புது மாதிரி லிஃப்ட் ஒன்றின் குழிக்குள் இறங்கியவர் உயிரோடு ஏறி வரவில்லை. விசாரணைக்குப் போகும் பணியாளர் விவரத் தாளில், 'குடும்பத்தார் பார்த்தனர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் என்றார்கள்.

தாளை நீட்டியவன் கணவரின் சிநேகிதன், அந்த அறையின் கணினிக்காரன். எப்போதும் கம்பிகளுக்கு நடுவே புகுந்து புறப்படுவதால் எல்லாருக்கும் அவன் சுண்டெலி. அவள் வீட்டில் பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்த தொப்பை அவனுக்கு.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணி. கீழ போட்டுடுங்க."

"சரியா இருந்தா எதுக்குப்பா வேர்க்குது? ஏசி இந்தப் போடு போடுது."

"உடம்பு வாகு அண்ணி."

அவள் படித்தாள். ரத்தப் பிரிவு காலி. காலணி அளவு காலி. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணும் காலி. எந்தப் படிவத்தையும் பாதிக்கு மேல் நிரப்பியறியாத மனிதர் அவர். ஆனால் 'புது மாதிரி லிஃப்ட் பயிற்சி: முடித்தார்' என்று ஓரிடத்தில் இருந்தது. அதையொட்டி பயிற்சித் தேதி, பயிற்சி தந்தவர் பெயர் என்று எல்லாம் வக்கணையாக நிரம்பியிருந்தன.

கடைசியாக வேலைக்குக் கிளம்பிய காலை, ஒற்றைக் காலுறைக்கு ஜோடியைத் தேடிக்கொண்டே அவர் சொன்னது காதிலேயே இருந்தது. "புது மாதிரியாம். பயிற்சி அடுத்த மாசமாம். வேலை மட்டும் இன்னைக்காம். நல்ல கூத்து." அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால், வேலை தெரிந்தவர் அஜாக்கிரதையால் செத்தார் என்று ஆகிவிடும். சொல்லிக்கொடுக்காமலே இறக்கிவிட்டார்கள் என்பது காற்றோடு போய்விடும்.

கண்ணாடிக் கதவைத் திறந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஆச்சாம்மா? டீ சொல்லியிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க." இத்தனை வருஷத்தில் அந்த ஆள் அவள் கணவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்ததில்லை. டீ வந்தது. அவள் தொடவில்லை.

"இந்த விவரமெல்லாம் உள்ள எப்படி வச்சிருக்கீங்க?" என்று சுண்டெலியிடம் கேட்டாள். "ஆளுக்கு ஒரு வரியா, விவரத்துக்கு ஒரு வரியா?"

அவன் கதவைப் பார்த்தான். அவள் வேறொரு அலுவலகத்தில் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியே பிழைப்பு நடத்துகிறவள் என்பது அவனுக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது.

"விவரத்துக்கு ஒரு வரி. ஆளாளுக்கு வேற வேற விவரம் இருக்கும்ல, அதான்."

அவள் நினைத்ததுதான். ஒவ்வொரு வரியிலும் தொழிலாளியின் எண், விவரத்தின் பெயர், அதன் மதிப்பு. முகவரிக்கு ஒரு வரி, ரத்தப் பிரிவுக்கு ஒரு வரி. மனிதன் அங்கே துண்டு துண்டாகத்தான் கிடப்பான். தாள் கேட்கும்போதுதான் துண்டுகளைப் பொறுக்கி, பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, ஆளாக்கிக் காட்டும். அப்படிப் பரப்பிவிட்டால் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று தெரியாது.

"பரப்பாம, அப்படியே காட்டு."

"எதுக்கு அண்ணி வீணா..."

"கையெழுத்து என்னோடது தம்பி. பார்த்துட்டுப் போடறேன்."

அவன் தட்டத் தொடங்கினான்.

"வரிசை எண்ணையும் சேர்த்துக் கேளு. அதை வச்சே அடுக்கு."

விரல்கள் நின்றன. புது வரி சேரும்போது கணினி தானாகக் குத்தும் எண் அது. பயிற்சித் தேதியைப் போன வருஷத்துக்குத் தள்ளி எழுதலாம், அந்த எண்ணைத் தள்ள முடியாது. அவன் பெருமூச்சு விட்டு மிச்சத்தையும் தட்டினான்.

திரையில் வரிகள் விழுந்தன. வேலையில் சேர்ந்த தேதி. முகவரி. தொலைபேசி. பிறகு, 'பணி முடிவு: மரணம்'. அதற்கும் கீழே மூன்று வரிகள். பயிற்சி, பயிற்சித் தேதி, பயிற்சி தந்தவர்.

"ஆக, செத்ததுக்கு அப்புறம் போய்ப் பயிற்சி எடுத்திருக்காரு உங்க அண்ணன்," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "யார் சேர்த்ததுன்னும் கேளு."

"கேக்க வேண்டாம் அண்ணி. நான்தான். மேனேஜர் பின்னாடியே நின்னு போடச் சொன்னாரு."

அவள் அந்த நான்கு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரண வரியை எடுத்துவிட்டு மறுபடி போட்டிருந்தால், அது புது எண்ணோடு கடைசிக்கு வந்திருக்கும். அவளே ஏமாந்திருப்பாள். அது இவனுக்குத் தெரியாதா?

"அந்த வரியை எடுத்துட்டுத் திரும்பப் போட்டிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேனே. ஏன் செய்யல?"

"தோணல அண்ணி."

அவன் முகத்தைத் துருவினாள். இவள் வந்து கேட்பாள் என்று விட்டுவைத்தானா, பயத்தில் மறந்தானா? விட்டுவைத்தான் என்று நம்ப ஆசையாக இருந்தது. அதனாலேயே நம்பவில்லை.

"இதை அப்படியே அச்சடி. யார் சேர்த்ததுங்கறதையும் சேர்த்து."

"என் பேரும் வருமே."

"வரும்."

அவன் கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு அழுத்தினான். அச்சு இயந்திரம் கனைத்துக்கொண்டு தாளை இழுத்தது. சத்தம் கேட்டு மேனேஜர் மறுபடி கதவைத் திறந்தார்.

"போட்டாச்சாம்மா?"

"இதோ சார்."

புதிதாக வந்த தாளின் கடைசி வரிக்குக் கீழே, 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுந்தபோது சுண்டெலி வழிவிட்டு ஒதுங்கினான். அவள் அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சுத்தமான தாள் மேசைமேலேயே கிடந்தது. அதன்மேல், ஆடை படிந்த டீ.