சூசை விழுங்காத மாத்திரை

சுகாதார இலாகாவிலிருந்து வரும் காமினி இரண்டாம் வருஷமும் மாத்திரைகளோடு வந்து நின்றபோது, சூசை கிரில் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே தலையை ஆட்டினார்.

"எனக்கு வேணாம்மா."

"அங்கிள், போன வருஷம் நீங்கதானே முதல் ஆளா சாப்பிட்டீங்க? யானைக்கால் புழு மருந்து, வருஷா வருஷம் எடுத்தாத்தான் முழுசா போகும்."

சூசை துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பினாங்கில், சுங்கை பினாங்கு ஆற்றோரத்து அடுக்குமாடி வீட்டில் மனைவி ஐரீனோடு இருந்தார். ஐரீன் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். மகன் டேரன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அடுத்த புளோக் கட்டடத்தில் சிலருடைய இரத்தத்தில் யானைக்கால் புழு கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, கொசு வழியாக அது பரவாமல் இருக்க, எல்லா வீடுகளுக்கும் மருந்து கொடுக்கிறார்கள்.

ஏன் வேண்டாம் என்று காமினி மறுபடி கேட்டாள். உண்மையான காரணம் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"வாட்ஸ்அப்ல போட்டிருந்தாங்க. கிட்னி போயிடுமாம்லா."

"அதெல்லாம் பொய் அங்கிள்."

"பொய்யோ மெய்யோ, எனக்கு வேணாம்."

அந்தச் செய்தியை அவரே நம்பவில்லை. படித்தபோது சிரித்துவிட்டு அழித்தவர் அவர். ஆனால் அதைச் சொன்னதும் காமினி மேற்கொண்டு கேட்காமல் போய்விட்டாள். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமி நடைபாதையில் துணி காயப்போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

சில வாரம் கழித்து காமினி திரும்ப வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அங்கிள், ஒன்னு கேக்கணும். இந்த மாடியில நெறைய பேரு மாத்திரை வேணாங்கிறாங்க. என்னான்னு கேட்டா உங்க பேரைச் சொல்றாங்க. சூசை அண்ணே விஷயம் தெரிஞ்சவரு, அவரே கிட்னி போயிடும்னு சாப்பிடலைன்றாங்க. லெட்சுமி அக்கா புள்ளைங்களுக்கும் குடுக்க விடல."

சூசைக்கு உடம்பெல்லாம் கூசியது. கிரில் பூட்டைத் திறந்தார்.

"உள்ள வாம்மா. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"போன வருஷம் சாப்பிட்டேன்ல, அன்னிக்கு சாயங்காலமே காய்ச்சல். தலை சுத்திச்சு. வாந்தி எடுக்க பாத்ரூம் போனவன் அங்கேயே விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல. போன் ஹால்ல கெடக்கு. ஈரத் தரையில எவ்ளோ நேரம் கெடந்தேன்னு தெரியல. செத்தா யாருக்குத் தெரியும்னு நெனச்சேன். டேரன் ஞாயித்துக்கிழமைதான் கூப்பிடுவான். அப்புறம் எப்படியோ தவழ்ந்துதான் வெளிய வந்தேன்." கையிலிருந்த பூட்டை மேசையில் வைத்தார். "அதான். கிட்னியும் இல்ல, ஒன்னும் இல்ல."

காமினி மாத்திரைப் பையைக் கீழே வைத்தாள்.

"ஏன் அங்கிள் அப்பவே கிளினிக்ல சொல்லல?"

"சொன்னா, கூட யாரு இருக்காங்கன்னு கேப்பாங்க."

காய்ச்சலும் மயக்கமும் எல்லோருக்கும் வருவதில்லை, இரத்தத்தில் புழு இருந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் அது சாகும்போது அப்படி வரும் என்றாள் காமினி.

"அப்போ எனக்கு இருந்துச்சா?"

"இருந்திருக்கலாம் அங்கிள். அதனாலதான் நீங்க விடக்கூடாது. இந்தத் தடவ அவ்ளோ வராது, புழு கொறஞ்சிருக்கும். கிளினிக்குக்கு வந்து சாப்பிடுங்க, நான் பக்கத்துலேயே இருக்கேன்."

சூசை தன் கால்களைப் பார்த்தார். வீக்கம் எதுவும் இல்லை. ஒரு வருஷமாகத் தன் இரத்தத்தை உறிஞ்சிய கொசுக்கள் இந்த மாடியில் வேறு யார் யாரைக் கடித்தனவோ என்ற நினைப்பு வந்தது. லெட்சுமியின் பிள்ளைகள் அந்த நடைபாதையில்தான் விளையாடுகிறார்கள்.

"மாத்திரையைக் குடும்மா. லெட்சுமிக்கும் சேத்து எடுத்துக்க. நானே வந்து பேசுறேன்."

லெட்சுமியின் கணவர் தயாளன் பாயான் லெப்பாஸ் பகுதித் தொழிற்சாலையில் வேலைக்குப் போயிருந்தார். அன்று லீவில் இருந்த லெட்சுமி வாசலுக்கு வந்தாள். சூசை சுற்றி வளைக்கவில்லை.

"நான் சொன்னது பொய்மா. மருந்துல ஒன்னும் இல்ல. எனக்குத்தான் பயம்."

விழுந்ததையும் கிடந்ததையும் சொன்னார். லெட்சுமி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணே! நடுவுல ஒரு சுவருதானே? தட்டியிருக்கலாம்ல?"

சூசை நடுச் சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தட்டுனேன்மா."

லெட்சுமியின் முகம் மாறிப்போயிற்று.

"அன்னைக்கா... சத்தம் கேட்டுச்சு. மேல்மாடியில வீடு இடிச்சுக் கட்டுறாங்கன்னு நெனச்சோம். டிவிய சத்தமா வெச்சிட்டோம்." அவள் கண்கள் கலங்கின. "உள்ள வாங்கண்ணே. இங்கேயே சாப்பிடுங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் வீட்டில் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, சூசை மாத்திரைகளை விழுங்கினார். லெட்சுமியும் விழுங்கினாள், பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். ஏதாவது என்றால் உடனே கூப்பிடச் சொல்லித் தன் எண்ணைக் கொடுத்துவிட்டு, காமினி மற்ற கதவுகளைத் தட்டப் போனாள். சூசை ஹாலில் உட்கார்ந்திருந்தார். தலை கொஞ்சம் வலித்தது, உடம்பு லேசாகச் சுட்டது, அவ்வளவுதான். அடுப்படியில் பாத்திரம் விழும் சத்தமும் பிள்ளைகளின் சண்டையும் கேட்டுக்கொண்டே இருந்தன. ஐரீன் போன பிறகு இத்தனை சத்தத்துக்கு நடுவில் அவர் கண்ணயர்ந்ததில்லை.

இருட்டுவதற்கு முன் எழுந்து தன் வீட்டுக்குப் போனார். கதவைப் பூட்டாமல் படுக்கச் சொன்னாள் லெட்சுமி. காலையில் கம்பிக்கு வெளியே நின்று, "அண்ணே, எந்திரிச்சிட்டீங்களா?" என்றாள். அடுத்த நாளும் கேட்டாள். அந்த மாடியில் வேண்டாம் என்றிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வாரமே மருந்தை எடுத்துக்கொண்டதாகக் காமினி போனில் சொன்னாள்.

அதன் பிறகு காலையில் லெட்சுமியின் குரல் வரவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கு ஓடுகிறவள். சூசை அவள் மேல் குறைபட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் விடிந்ததும் காது வாசல் பக்கமே கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை டேரன் கூப்பிட்டபோது, எப்போதும் சொல்வதுபோல "நல்லா இருக்கேன்" என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு விழுந்த கதையைச் சொன்னார். "ஏன்ப்பா சொல்லல?" என்று மட்டும் கேட்டான் டேரன்.

மறுநாள் காலை ரொட்டி வாங்கக் கிளம்பிய சூசை, லெட்சுமி வீட்டு வாசலில் நின்றார். உள்ளே பிள்ளைகளை அதட்டும் குரல் கேட்டது.

"லெட்சுமி, நான் கடைக்குப் போறேன்மா. நல்லாத்தான் இருக்கேன்" என்றார் உரக்க.

உள்ளேயிருந்து, "சரிண்ணே!" என்று ஒரு சத்தம் வந்தது. அவர் லிஃப்டை நோக்கி நடந்தார்.