ஆடாத நாற்காலி

டயானா அந்த நாற்காலிகளை வில்லாபுரம் வீட்டில் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்தே அவள் அப்பா ஆசீர்வாதத்துக்கு நிம்மதி போயிற்று. ஆறு நாற்காலி. ஒன்றுக்காவது பின்னங்கால் இருக்க வேண்டுமே? இல்லை.

ஒரே இரும்புக் குழாயை வளைத்து நெளித்து, மேலே பளபளவென்று குரோம் பூசி, உட்காரவும் சாயவும் கறுப்புத் தோலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். முன்னால் இரண்டு கால் இறங்கி, அப்படியே தரையோடு பின்பக்கம் ஓடும். அவ்வளவுதான் நாற்காலி. உட்கார்ந்தால் மெல்ல மேலும் கீழும் ஆடும். கூடவே குரோம் கால் வைத்த ஒரு கண்ணாடி மேஜை. எப்போதோ மூடிப்போன ஒரு மில்லின் வெள்ளைக்கார மேனேஜர் பங்களாவில் தூசியடைந்து கிடந்த சாமான்கள் இவை. ஆர்க்கிடெக்ட் ஆபீசில் வேலை பார்க்கும் டயானா, இடிக்கப்போகிற அந்தப் பங்களாவை அளக்கப் போன இடத்தில் மயங்கிப்போய், கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்துவிட்டாள். அலுமினியத் தாளை நனைத்துத் துருவைத் தேய்த்தே எடுத்தாள். அவள் தேய்த்து முடித்தபோது ஒவ்வொரு குழாயிலும் முகம் பார்த்துப் பவுடர் போடலாம் போலிருந்தது.

"செஞ்சவன் பாதியில விட்டுட்டுப் போயிட்டானாம்மா?" என்று ஆசீர்வாதம் கேட்டார்.

"இல்லப்பா, அதான் டிசைனே. காத்துல உக்காந்த மாதிரி இருக்கணும்."

காற்றில் உட்கார யாருக்கு ஆசை என்று அவருக்கு விளங்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். நாலு காலும் தரையில் ஊன்றிய தேக்கு நாற்காலியிலேயே உத்தியோகத்தை முடித்தவர்.

நாற்காலியோடு போயிருந்தால் பரவாயில்லை. டயானாவைப் பெண் பார்க்க வந்த முதல் பையன், "வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றான். அடுத்தவன் உட்காரவே பயந்து நின்றபடி பேசிவிட்டுப் போனான். இரண்டு பேரையும் வேண்டாம் என்றவள் டயானாதான். "இதுல உக்காரத் தெரியாதவன்கூட எப்படிப்பா காலம் தள்றது?"

"அப்ப சேரையே கட்டிக்க!" என்று அம்மா அற்புதமேரி கத்தினாள்.

மூன்றாவதாக வந்தது மேலூர் வரன். ஆன்சன் என்று பெயர், பல் டாக்டர். போட்டோவைப் பார்த்த டயானா முதல்முறையாக "ம்" என்றாள். கூடவே, "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே யாரையும் கூட்டிட்டு வராதீங்கப்பா" என்றும் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த ஒற்றை "ம்" எப்படியாவது கரைசேர வேண்டுமே என்று ஆசீர்வாதம் உருகிக்கொண்டிருந்தார்.

சிக்கல் பையனின் அப்பா சவரிமுத்துவின் உருவத்தில் வந்தது. லாரி முதலாளி. ஆளும் கிட்டத்தட்ட லாரி அளவுதான். ஒரு கோயில் திருவிழாவில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்த ஆசீர்வாதத்துக்கு ஒரே கவலையாகிவிட்டது. பின்னங்கால் இல்லாத நாற்காலியில் இந்த உடம்பு உட்கார்ந்து மல்லாந்து விழுந்தால் சம்பந்தம் என்னாவது? பெரிய மனுஷருக்குச் செய்கிற மரியாதையா அது?

டயானா வேலையாகத் திருப்பரங்குன்றம் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தவசியின் கிரில் பட்டறைக்குப் போனார். தவசி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நொண்டிச் சேரால்ல இருக்கு! எந்தப் பாவி சார் ஒங்க தலையில கட்டுனான்?" என்று இரக்கப்பட்டான். ஏதோ ஒரு கேட்டுக்கு வாங்கியதில் மிஞ்சிய குழாயில் இரண்டு துண்டு வெட்டி, இருக்கைக்கும் தரைக் குழாய்க்கும் நடுவில் நிறுத்தி, வெல்டிங் அடித்துக் கொடுத்தான். "இனிமே யானை உக்காந்தாலும் அசையாது சார்."

ஆசீர்வாதம் அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியைத் தரைவரை தொங்கவிட்டார். புனித நீர் தெளித்து வீடு மந்திரிக்கச் சர்ச் சாமியார் வரும்போது அவர் உட்காரும் நாற்காலிக்குப் போடுகிற துணி அது. ஏன் என்று டயானா கேட்டதற்கு, "பெரியவருக்கு மரியாதைம்மா" என்று கூசாமல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேலூர்க்காரர்கள் வந்தார்கள். சவரிமுத்து, அவர் மனைவி, அவருடைய அக்கா ஆன்மேரி, மாப்பிள்ளை ஆன்சன். வெள்ளைத் துணி போட்ட நாற்காலியில் சவரிமுத்துவை உட்கார வைத்தார் ஆசீர்வாதம். நாற்காலி இம்மியும் அசையவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு தானும் உட்கார்ந்தார்.

நல்ல காரியம், ஜெபத்தோடு தொடங்க வேண்டும். ஆன்மேரி ஜெபமாலையை எடுத்துச் சிலுவை போட்டாள். போட்ட வேகத்தில் அவள் நாற்காலி லேசாக ஆடியது. பரவாயில்லை என்று ஜெபத்தைத் தொடங்கினாள். அருள் நிறைந்த மரியே என்றபோது மேலே போனாள், கர்த்தர் உம்முடனே என்றபோது கீழே வந்தாள். ஜெபம் தாளம் பிடித்துக்கொண்டது. பதில் சொன்ன மாப்பிள்ளையின் அம்மாவும் ஆடினாள். அற்புதமேரி மாட்டேன் மாட்டேன் என்று கால்களை இறுக்கிப் பார்த்து, முடியாமல் அவளும் ஆடினாள். ஆன்சன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினான். ஆமென் வருவதற்குள் ஆன்மேரிக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. "மாதாவே, மன்னிச்சிரு தாயே!" என்று வாயைப் பொத்தினாள். பொத்தியதில் இன்னும் ஆடினாள்.

"நாள் பூராவும் ஆளுகளச் சேர்ல சாய்க்கிறதே பொழப்பு. இன்னைக்குத்தான் நான் உக்காந்து பாக்கேன்" என்றான் ஆன்சன். காபித் தட்டோடு வந்த டயானா அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். ஆசீர்வாதத்துக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்தம் கூடிவிட்டது என்றே நினைத்தார்.

அப்போதுதான் கண்ணாடி மேஜை வழியாக அதைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் சவரிமுத்துவின் இரண்டு பெரிய பாதங்கள் தரையை உந்தி உந்தித் தள்ளிக்கொண்டிருந்தன. கட்டைவிரல்கள் வெளுத்திருந்தன. மனுஷர் ஆடப் பார்க்கிறார்! நாற்காலிதான் ஆட மாட்டேன் என்கிறது. மேலே அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

சவரிமுத்து எழுந்தார். "நாங்க வாரோம் சார்."

சிரிப்பெல்லாம் ஒரே நொடியில் அடங்கிற்று. "ஏங்க, காபி..." என்றாள் அற்புதமேரி.

"அம்புட்டுப் பேருக்கும் ஆடுது. எனக்கு மட்டும் ஏன் சார் இறுக்கி வச்சிருக்கீக? குண்டன் ஒடச்சிருவான்னா?" சுற்றியிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். "பொருட்காட்சியில ராட்டினத்துல ஏறப் போனா, நீங்க வேண்டாங்கன்னு எறக்கி விடுறாக. சம்பந்தம் பேச வந்த எடத்துலயுமா?"

டயானா தட்டை வைத்துவிட்டு வந்து வெள்ளைத் துணியைத் தூக்கினாள். கேட்டுக் குழாயில் கரடுமுரடாய் இரண்டு கால்கள்.

"அப்பா!"

ஆசீர்வாதம் துணியை மறுபடி இழுத்துவிடப் பார்த்தார். "மரியாதைக்குத்தாம்மா... நாலு கால் இருந்தாத்தானே..." என்று இழுத்தார். ஒற்றை "ம்" கைவிட்டுப் போகிறது என்று தோன்றியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

டயானா அவரை விட்டுவிட்டு சவரிமுத்துவிடம் திரும்பினாள். "அங்கிள், இந்தச் சேரு ஒங்கள மாதிரி ரெண்டு பேரத் தாங்கும். தாங்காதுன்னு நெனச்சது எங்கப்பா மட்டும்தான்."

"என் சேர எடுத்துக்கங்கப்பா" என்று ஆன்சன் எழுந்தான்.

"எனக்குப் போட்டது எதுவோ அதுலதான் உக்காருவேன்" என்று குழந்தைபோல முறுக்கிக்கொண்டார் சவரிமுத்து.

"அப்ப இந்தக் கால இப்பவே எடுத்துருவோம்" என்றாள் டயானா.

பெண் பார்க்கும் வீட்டுக்குக் கட்டிங் மெஷினோடு ஆள் வந்தது வில்லாபுரத்திலேயே அதுதான் முதல்முறையாக இருக்கும். "அன்னைக்கு ஒட்டச் சொன்னீங்க, இன்னைக்கு வெட்டச் சொல்றீங்க" என்று அலுத்துக்கொண்டே தவசி வாசலில் உட்கார்ந்தான். மொத்தத் தெருவும் கூடிவிட்டது. அற்புதமேரி வெட்கத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மிக்சர் கொடுத்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "குரோம்ல பட்டுச்சு, கொன்னுருவேன்" என்று டயானா மிரட்ட, எதிரில் ஆன்சன் குத்துக்காலிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். மெஷின் சத்தம் போட்டது. பொறி பறந்தது. ஆன்சன் பழக்கதோஷத்தில் நாற்காலியின் கையைத் தட்டிக்கொடுத்து, "கொஞ்சம் பொறுத்துக்கங்க, அவ்வளவுதான், வலிக்காது" என்றான்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. டயானா அவனைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு என்றால் சும்மா இல்லை. தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவனும் காதுவரை சிவந்து சிரித்தான். மிச்சமிருந்த பிசிறுகளைத் தவசியிடமிருந்து அரத்தை வாங்கி அவனே ராவினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்து, இங்கே, இன்னும் கொஞ்சம் இங்கே என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

நாற்காலி உள்ளே வந்தது. சவரிமுத்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு மெதுவாக உட்கார்ந்தார். ஆசீர்வாதம் கண்ணை மூடிக்கொண்டார்.

நாற்காலி இறங்கியது. இறங்கி, எழும்பியது.

"ஏசப்பா!" என்றார் சவரிமுத்து. காலை ஒரு உந்து உந்தினார். மேலே போய் வந்தார். இன்னொரு உந்து. அந்தப் பெரிய உடம்பு காற்றில் மிதந்து மிதந்து வந்தது. "ஏ அக்கா, பாருக்கா, நானும் ஆடுறேன்!" ஆன்மேரி கைதட்டினாள். ஆறு நாற்காலியும் ஆடின. ஆசீர்வாதமும் வெட்கத்தை விட்டு ஆடினார். ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு டயானா சமையலறைக்குப் போனாள்.

ஆட்டத்தின் நடுவே சவரிமுத்து சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "மருமகளே, அந்தக் காபியச் சூடாக்கிக் கொண்டா!"

ஆட்டம் நின்றது. பேச்சுவார்த்தையே தொடங்கவில்லை. பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆசீர்வாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலையே பார்த்தார். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் மகளின் குரல் வந்தது.

"வாரேன் மாமா."