பகையாளி வாசித்த மருந்து

1958-ஆம் வருஷம் தை மாதத்தில், செம்பட்டி சுருளிவேலுக்குக் மலேரியாக் காய்ச்சலுக்குத் தருகிற கொயினா மாத்திரை சாப்பிடாமலேயே அதன் கெடுதல் வந்தது. காதுக்குள் ரைஸ்மில் ஓடுகிற இரைச்சல். பக்கத்தில் நின்றவர்களுக்கும் அது கேட்டது. மில் திறந்துவிட்டது என்று நம்பி இரண்டு பேர் நெல்மூட்டையோடு வந்து, ஏமாந்து திரும்பினார்கள்.

காரணம் அவன் மதினி ஜக்கம்மாள். அண்ணன் செத்த பிறகு பங்குக் கிணற்றில் அவளுக்குள்ள தண்ணீர் முறையைச் சுருளிவேல் பிடுங்கிக்கொண்டான். வயிறெரிந்தவர்கள் எதிராளி வாசலில் மண்ணை வாரித் தூற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளும் தூற்றினாள். அந்த மண்ணில் அவன் பூசணி விதை ஊன்றிக் காய் பறித்தான். அதைப் பார்த்து வந்த தலைவலிக்கு மாத்திரை வாங்கத் திண்டுக்கல் போனவள், ஜமால் முகமதுவின் மருந்துக்கடைப் பலகையில் ஒரு புஸ்தகம் விரிந்து கிடக்கக் கண்டாள். டாக்டர் சீட்டுக்குத் தருகிற மருந்து, சீட்டில்லாமல் கிடைக்கிற மருந்து எல்லாவற்றுக்கும் பலன், அளவு, கெடுதல் என்று பொதுஜனத்துக்காக அச்சடித்தது. சுருளிவேலுக்கு வரவேண்டும் என்று அவள் விரும்பியதெல்லாம் அதில் வரிசையாக இருந்தது. மூணாங்கிளாஸ் படித்தவள். பலனைப் புரட்டவே இல்லை. புஸ்தகத்தை வாங்கிவந்து, கெடுதல்களைச் சாபம் என்றே எடுத்துக்கொண்டு, அவன் வாசலில் நின்று கொயினாப் பக்கத்தை உரக்க வாசித்தாள்.

சுருளிவேல் சும்மா இருப்பானா. அவனும் ஒன்று வாங்கினான். சளி மாத்திரைப் பக்கத்தை அவன் வாசித்ததில் ஜக்கம்மாளுக்குக் குடம் குடமாய்க் குடித்தும் நாக்கு நனையவில்லை. அவள் கோழிகள் நின்றபடியே தூங்கின. கொஞ்ச நாளில் ஊரில் மண் தூற்றுவதே நின்றுபோய், புஸ்தகம் மாத்திரையைவிட வேகமாக விற்றது. "பாய், பேதிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டால், "யாருக்கு அப்பு, ஒங்களுக்கா, பங்காளிக்கா?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஜமால் முகமது காட்டுவார்.

1961 ஐப்பசி மழையில் ஜக்கம்மாளுக்கு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா என்றானது. ரோடு அறுத்துக்கொண்டு போனதால் ஊசி போட ஆள் வரவில்லை. மகள் கருப்பம்மாள் பெனிசிலின் பக்கத்துப் பலனை அழுதுகொண்டே வாசித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பாசத்துக்கு அந்த எழுத்து மசியாது, பகைக்குத்தான் மசியும் என்பது அப்போதுதான் விளங்கியது. சித்தப்பன் வாசலில் போய் நின்றாள்.

"ஆத்தா செத்தா கெணறு முழுக்க ஒனக்குத்தான், சித்தப்பா. ஆனா பனிக்கு ஒனக்கு இளைப்பு வருமே, இம்புட்டு வெறுப்போட ஒனக்குப் பலனை வாசிக்க ஆத்தாள விட்டா வேற யாரு இருக்கா?"

அவன் யோசித்துப் பார்த்தான். யாருமில்லை. புஸ்தகத்தை வேட்டிக்குள் செருகிக்கொண்டு மழையில் வந்தான்.

ஆனால் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்ததும் குரல் இளகிவிட்டது. அவன் வாசிக்க வாசிக்கக் காய்ச்சல் ஏறியது. ஜக்கம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"ஏலே, எனக்காகவா அழுவுற?"

"இல்ல மதினி, மழத்தண்ணி."

"ஒங்கண்ணன் ஒன்னையத் தம்பின்னு ஒரு நாளும் சொன்னதில்ல தெரியுமா. கெணத்துப் பாம்புன்னுதான் சொல்லுவாரு. சாகையில கூட, அந்தப் பாம்பு கொள்ளி வைக்க வரக்கூடாதுன்னாரு."

சுருளிவேல் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். நிமோனியா என்ற சொல்லை அவள் முகத்தில் துப்புவதுபோல் வாசித்தான். அவள் இருமினாள், நெஞ்சுச் சளி ஒரு தவளையாக வெளியே குதித்து, வாசலைத் தாண்டிக் கிணற்றுப் பக்கம் போனது. ஜக்கம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

"மழ விட்டதும் மொத மொறை என்னுது" என்றாள்.

"எறச்சுப் பாரு" என்றுவிட்டு அவன் போனான்.

கிணற்று வழக்கு தீரவில்லை. சமாதானம் பேச வந்த பஞ்சாயத்தாரை இருவரும் சேர்ந்தே விரட்டினார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பெண் கொடுக்கப் போகிறவர்கள், மாப்பிள்ளைக்கு நிலம் எவ்வளவு என்பதோடு, எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிற பகையாளி ஒருத்தராவது உண்டா என்றும் விசாரித்தார்கள். இல்லாத வீட்டில் சம்பந்தம் வைப்பதில்லை.