அடைத்த பூனை, திறந்த கதவு

தையல்காரம்மாவுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. தோட்டத்துச் செம்பருத்திக் கூட்டில் இருக்கும் கொண்டைக்குருவிக் குஞ்சுகள் இன்று பறக்கப் பழகுகின்றன, வீட்டிலோ பூனை. இரண்டுமே அவருக்குச் செல்லம். பூனையைத் தையல் அறையில் அடைத்தார். அதோடு விட்டாரா? நாலு தையல் போடுவார், எழுந்துபோய்ச் செடியை எட்டிப் பார்ப்பார், திரும்புவார். பக்கத்து வீட்டம்மாவின் சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்ததுகூடத் தெரியவில்லை.

"பூனையே நிம்மதியா தூங்குது. நீதான் குட்டி போட்ட பூனை மாதிரி அலையற" என்றார் கணவர்.

"ஏதாவது ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று மறுபடி ஓடியவர், கதவைச் சாத்த மறந்தார். திரும்பி வந்தால், தத்தித் தத்திப் பறந்த ஒரு குஞ்சு உள்ளே புகுந்து தையல் மெஷின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழே பூனை பதுங்குகிறது. கையில் கிடைத்த சட்டையோடு பூனைமேல் விழுந்தார். குஞ்சு ஜன்னல் கம்பி இடுக்கு வழியே செம்பருத்திக்குத் தப்பியது.

அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்து வீட்டம்மா வர வேண்டும்? அவருடைய சட்டைக் கை வழியாகப் பூனை தலையை நீட்டியது.

"என்னக்கா, அளவு சரியா இருக்கா?" என்றார் பக்கத்து வீட்டம்மா.

தையல்காரம்மாவின் காதில் விழவில்லை. வெளியே, அடுத்த குஞ்சு இறக்கையை உதறிக்கொண்டிருந்தது.