ஏழு நாள் தண்ணீர்

கடப்பாறையைக் கையில் எடுத்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகைதான். கோபமெல்லாம் அதற்குப் பிறகு. அடுப்புக்குப் பின்னால் புதுப் புகைபோக்கி பன்னிரண்டடி உயரத்துக்கு ஜம்மென்று நின்றது. அதன் உச்சியில் ஒரு நூல் புகைகூட இல்லை. மேலே போக வேண்டிய புகையெல்லாம் அடுப்பு வாய் வழியாகவே திரும்பி, கொல்லைப்புறம் முழுக்கப் பரவி, மதிலைத் தாண்டி கனிமொழி வீட்டு ஜன்னலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வாய்த்த கொத்தனாரும் சரி, கட்டிக்கொண்ட மனுஷனும் சரி, என்று திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தேன்.

நூம்பலில் எங்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் அந்த வீடு எழும்புவதற்கு முன்பிருந்தே என் அடுப்பு இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் அதில் தம்ரோட் இனிப்பு சுட்டு விற்கிறேன். பாலும் ரவையும் நெய்யும் சுண்டி மேல்பக்கம் சிவந்து வரும் வாசனைக்குத்தான், ஈரோட்டிலிருந்து குடிவந்த கனிமொழி முதன்முதலாக எட்டிப் பார்த்தாள். ஒரே மாதத்தில் அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். அப்புறம் அவளுடைய நான்கு வயது மகளுக்கு இளைப்பு வந்தது. புகையே ஆகாது என்றாராம் டாக்டர். கனிமொழி சண்டைக்கு வரவில்லை. ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் பழுப்பு டேப் ஒட்டிவிட்டாள். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அந்த டேப்பைப் பார்த்துக்கொண்டு ரவை கிளற என்னால் முடியவில்லை.

அதனால்தான் வாயைக் கொடுத்தேன்.

"கனி, வர்ற ஞாயித்துக்கெளமைக்கு அடுத்த ஞாயிறு, புதுப் பொகபோக்கி வெச்சு அடுப்ப மூட்டுறேன். அப்பவும் பொக உன் ஊட்டாண்ட வந்துச்சின்னா, நானே கடப்பாற எடுத்து அடுப்பையும் சேத்து இடிச்சிடுறேன். இது என் வாக்கு" என்றேன்.

"ஐயோ, அப்படியெல்லாஞ் சொல்லாதீங்கக்கா" என்றாள். இடிக்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, பெற்றவள் அல்லவா.

கொத்தனார் அப்பாவு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, வரிவரியாகப் பார்த்துத்தான் கட்டினார். அதில் குறை சொல்ல மாட்டேன். வேலை முடித்துப் போகும்போது என் வீட்டுக்காரர் ஷவுகத் அலியிடம், "ஏழு நாளைக்கு ரெண்டு வேள தண்ணி வுடு பாய். இல்லன்னா வெடிச்சிக்கும்" என்றார். கையில் வேலை இருந்ததால் அதை நான் காதில் வாங்கியதோடு சரி.

இன்று புகை திரும்பியதும் கொத்தனாருக்குத்தான் போன் போட்டேன். "நூல் புடிச்சு கட்டிகீறேன்மா. என் வேல சுத்தம். உன் அடுப்புல இன்னா கோளாறோ" என்று வைத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

சொன்னது சொன்னதுதான். புகைபோக்கியின் அடியில், அடுப்புப் புகை நுழையும் துளைக்கும் கீழே, ஓங்கிக் குத்தினேன். மூன்றாவது குத்தில் ஒரு செங்கல் பெயர்ந்தது. பின்னாலேயே தண்ணீர் வந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, குடத்தைச் சாய்த்த மாதிரி கொட்டி என் காலை நனைத்தது.

திரும்பிப் பார்த்தேன். ஷவுகத் அலி துணிக்கொடி ஓரமாக நின்றிருந்தார்.

"இன்னாங்க இது?"

"தண்ணி வுட்டேன்."

"எங்க வுட்டீங்க?"

"ஏணில ஏறி, மேல ஓட்டைலதான். உள்ளாறயும் நனையட்டுமேன்னு. அவுரு ரெண்டு வேள சொன்னாரு. நான் நாலு வேள வுட்டேன். ஸ்ட்ராங்கா நிக்கணும்ல உனக்கு" என்றார்.

மூட்டுவலி மனுஷன். மாடிப்படி ஏறவே முனகுகிறவர். நாளைக்கு நான்கு முறை குடத்தோடு ஏணி ஏறியிருக்கிறார். அதை நினைத்து மனசு இளகியது. இளகிய மனசோடேயே திட்டினேன். "அறிவு கீதா உங்களுக்கு? அது பொக போற வழியா, கெணறா? ஈரத்துல பொக எங்கேந்து ஏறும்?" அவர் என் கையிலிருந்த கடப்பாறையையே பார்த்தார்.

உள்ளே சூடேறினால்தான் புகை மேலே இழுக்கும் என்று, பெயர்ந்த ஓட்டைக்குள் பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி நுழைத்தேன். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. கடைசியில் நெய்ச்சட்டி துடைக்கும் துணியைப் பற்றவைத்துத் திணித்தேன். அது நின்று எரிந்தது. தீ கொஞ்ச நேரம் வெளியே நாக்கை நீட்டியது, பிறகு உள்பக்கம் சாய்ந்தது. உச்சியில் இட்லிச்சட்டி மூடியைத் திறந்த மாதிரி வெள்ளையாக ஆவி கிளம்பியது. அடுப்பு வாயில் மண்டியிருந்த புகை மெல்லத் திரும்பி உள்ளே போனது. ஷவுகத் அலி ஓடிவந்து, ஈரமண்ணைக் குழைத்து அந்தச் செங்கல்லை மறுபடி பதித்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்குப் பின்னால் கனிமொழி நின்றிருந்தாள், இடுப்பில் மகளோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. இப்போது புகை அவள் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அதையே அண்ணாந்து பார்த்தாள். பிறகு டேப்பின் ஒரு முனையை நகத்தால் நெம்பி, ஒரு சாண் உரித்தாள். உரித்த இடத்தில் கையை வைத்தபடியே என்னைப் பார்த்தாள்.

கொடியில் கிடந்த துணிகள் மெல்ல அசைய ஆரம்பித்தன. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை. கடப்பாறையை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.