உப்பு பார்த்த பூனை

வீட்டில் எல்லோருக்கும் நோன்பு. சமைத்ததை ருசி பார்க்க ஆளில்லை. உம்மா இறால் போட்ட கஞ்சியில் ஒரு கரண்டியைப் பூனைக்கு ஊற்றினாள். அது கிண்ணத்தையே வழித்து நக்கியது.

"உப்பு சரியாத்தான் கீது" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னையில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிகளை விட்டுவிட்டு, மனித ஈரல் செல்களை வளர்த்து அவற்றில்தான் மருந்தைச் சோதிக்கிறோம்.

"மிருகத்து உடம்பு வேற, நம்ம உடம்பு வேற உம்மா. மனுசங்கதான் பாக்கணும்" என்று பக்கத்து வீட்டுத் திரௌபதி அக்காவை நானே கூட்டி வந்தேன்.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தாள். "இன்னாடி ரிஃபா, ஒரே உப்பு!"

நான் ஒரு சொம்பு வெந்நீரை ஊற்றிக் கலக்கினேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் குடித்தோம். சப்பென்று இருந்தது. வாப்பா ஊறுகாயை இழுத்துக்கொண்டார்.

"திரௌபதி பிரஷருக்குப் பயந்து வருசக்கணக்கா உப்பில்லாமதானே துன்றா" என்றாள் உம்மா.

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நீதானே மனுசன் வேணும்னே?" உம்மா சிரித்தாள். "அது கெடக்கட்டும். உங்க லேபுல வளக்குறீங்களே, அது யாரு ஈரலு?"