சரணத்தில் தட்டுகிற இடம்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை கீழ்வீட்டிலிருந்து வந்தது. எழுதுகிறவள் செம்மொழி, திருவையாற்றில் ஒரு மாடிவீட்டில் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறாள். தன்னை 'நான்' என்று எழுதக் கூச்சப்பட்டு 'அவள்' என்கிறாள். ஏன் கூச்சம் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும். திட்டுவதாக இருந்தால் அப்போது திட்டிக்கொள்ளலாம்.

முதல் தொடக்கம்: காவிரியில் தண்ணீர் வந்த அன்று... (அடித்தாயிற்று. இந்தப் பக்கத்துக் கதை என்றால் தண்ணீர் வந்தே ஆக வேண்டுமா?)

இரண்டாவது: வயலின் என்பது... (இது கட்டுரை. போதும்.)

மூன்றாவது: கீழ்வீட்டு விஜயலட்சுமி, கால்நடை மருந்தகத்தில் உதவியாளர், நாற்பத்தெட்டு வயதில் வயலின் வாங்கினார். இது நிற்கும்.

2

தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், ஒரே கீர்த்தனை. சரணத்தில் ஒரு வளைவு வரும். அங்கே வில் தட்டும், நிற்கும், மறுபடி பல்லவிக்கு ஓடும். மாடியில் செம்மொழிக்கு அந்தத் தடங்கல்தான் தீனி. அப்போது அவள் எழுதிக்கொண்டிருந்த கதையில், கோவிந்தராசு என்ற விவசாயி தன் முறை வராமலே தண்ணீரைத் திருப்ப மதகுப் பலகையில் கை வைத்திருந்தான். கீழே வில் நிற்கும்போதெல்லாம் அவன் கையும் நிற்கும். தூக்கலாமா, வேண்டாமா? பேனா பிய்த்துக்கொண்டு ஓடும்.*

* நல்ல இசை கேட்டால் எழுத்து வரும் என்கிறார்கள். அவள் கச்சேரிக்கும் போய்ப் பார்த்தாள். கண்ணை மூடித் தலையாட்டினாளே தவிர ஒரு வரி வரவில்லை. முழுசாக இருக்கிற பாட்டில் நமக்கு என்ன வேலை? அறுந்த இடத்தில்தான் மனசு 'அப்புறம்?' என்று எட்டிப் பார்க்கிறது. (சரிதானா என்று அவளுக்கே சந்தேகம். யாராவது விசாரித்துச் சொன்னால் புண்ணியம்.)

3

போன வாரம் வில் அந்த வளைவைச் சுளுவாகக் கடந்தது. ஒரு நாள் இல்லை, ஆறு நாள். ஆறு நாளும் செம்மொழி ஒன்றும் எழுதவில்லை. கோவிந்தராசு பலகையைப் பிடித்தபடி மரமாக நின்றான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் விஜயலட்சுமி போனும் கையுமாகப் படியேறி வந்தார். ஆராதனையில் வாசிக்க மூன்று வருஷமாக எழுதிப்போட்டவருக்கு இந்த முறை ஏழு நிமிஷம் கிடைத்திருந்தது. ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் வீட்டில் சிரித்தார்களாம்.

"நீங்கதான் தெனம் கேக்கறீங்க. மறைக்காம சொல்லுங்க செம்மொழி, அந்த எடம் சரியா விழுதா?"

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் (அவள். அவள் பார்க்காமல்) சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் தட்டுதுக்கா."

"நல்லவேளை, ஒங்களக் கேட்டேன்" என்று விஜயலட்சுமி இறங்கிப் போனார். நன்றி வேறு சொன்னார், பாவி மனுஷி.

4

கால் மணி நேரத்தில் கீழே வில் அந்த இடத்தில் தடுமாறியது, இந்தத் தடவை நிஜமாகவே. பேனா ஓடியது. நீங்கள் இதுவரை படித்த அத்தனையும் அப்போது வந்ததுதான். கோவிந்தராசுவை அவள் விட்டுவிட்டாள். அதைவிட இது நல்ல கதை. அதுதான் சங்கடம்.

இரண்டு முடிவுகள் வைத்திருந்தாள். ஒன்றில் ஐந்து மணி கடந்துவிடுகிறது. கதை பத்திரிகையில் வருகிறது. அவள் எழுதுவதையெல்லாம் முதலில் வாங்கிப் படிப்பவர் விஜயலட்சுமிதான், இதையும் படிக்கிறார். படித்துவிட்டு... (கை வரவில்லை.)

இன்னொன்றில் செம்மொழி பேனாவை மூடிவிட்டுப் படியிறங்கி, "அக்கா, நான் சொன்னது பொய். ஆறு நாளா சரியாத்தான் விழுது" என்கிறாள். அழகான முடிவு. ஆனால் அவள் இறங்கிப் போயிருந்தால் இந்த வரி இங்கே இருந்திருக்காது.

மணி நாலு ஐம்பது. எதிரே கேட்க ஆள் இருக்கிறவரை இவள் எழுந்திருக்க மாட்டாள். அவளை எனக்குத் தெரியும். நீங்கள் படித்துக்கொண்டே இருந்தால் எழுதிக்கொண்டேதான் இருப்பாள். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. தயவுசெய்து படிப்பதை நிறுத்துங்கள்.